மலையூரிலிருந்து ஒரு ஸ்க்வாட்

பழனியிலிருந்து ஏறும் மலைச்சாலை, பெருமாள்மலையில் கொடைக்கானல் சாலையோடு சேர்வதற்கு முன் வடகவுஞ்சியைத் தொட்டுப் போகிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் துப்பாக்கி விளையாட்டு என்றால் கைபேசிதான். ஐவருக்கு ஐவர் மோதும் வாலரன்ட் அருமையான ஆட்டம். ஆனால் அதற்கு ஓரளவு நல்ல கணினியும் அறுந்துபோகாத இணையமும் வேண்டும். ஆகவே கைபேசியில் ஆடும் பிஜிஎம்ஐயில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) தொடங்குங்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடைசெய்யப்பட்ட பிறகு, 2021 ஜூலையில் இந்தியாவுக்கென வந்தது இது. 2022 ஜூலையில் நீக்கப்பட்டு 2023 மே மாதம் திரும்பியது.

முதல் வேலை, சிக்னல். மலையில் ஒரு வளைவு தாண்டினால் டவர் மாறிவிடும். வீட்டில் எந்த மூலையில், எந்த சிம்முக்கு பிங், அதாவது இணைப்பின் தாமதம், ஆடாமல் நிற்கிறது என்று சில நாள் பாருங்கள். பிங் எண் திரையிலேயே தெரியும். நிலையாக 90 இருந்தால் அதற்குக் கை பழகிவிடும். 40க்கும் 200க்கும் நடுவே குதிக்கும் இணைப்புக்கு யாராலும் பழக முடியாது. ஆட்டத்துக்குச் செலவாகும் டேட்டா குறைவுதான், அப்டேட்டும் மேப்பும்தான் ஜிபி கணக்கில் விழுங்கும். பழனிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது வைஃபை கிடைத்தால் அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது போன். கிராஃபிக்ஸை ‘ஸ்மூத்’தில் வைத்து, ஃப்ரேம் ரேட்டைப் போன் தாங்கும் உச்சத்துக்கு ஏற்றுங்கள். காட்சி அழகு குறையும், எதிரி தெளிவாகத் தெரிவான். சார்ஜ் போட்டபடி ஆடாதீர்கள், சூடேறி ஃப்ரேம் விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போகும் நாள்களில் பேட்டரியை வீட்டுத் தேவைக்கு வைத்துவிட்டு ஆட்டத்தை விடுங்கள். ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். விலை மலிவான ப்ளூடூத்தில் காலடிச் சத்தம் ஒரு கணம் தாமதமாகக் காதில் விழும். அந்தக் கணத்தில் உயிர் போய்விடும்.

பிறகு துப்பாக்கி. ட்ரெயினிங் கிரவுண்டில் எம்416ஐ எடுத்து, சுவரில் சுட்டுப் பாருங்கள். குண்டுகள் மேலே ஏறுவதை விரலால் கீழே இழுத்துக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும். போனைச் சாய்த்துக் குறிவைக்கும் கைரோவைத் தொடக்கத்திலேயே பழகுவது நல்லது, பின்னால் மாற்றுவது பெரும்பாடு. கை கொஞ்சம் வந்ததும் டிடிஎம் ஆடுங்கள்: நாலுக்கு நாலு, முதலில் 40 கில் எடுக்கும் அணிக்கு வெற்றி. சென்சிட்டிவிட்டியை யூட்யூபர் சொன்னார் என்று வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள்.

இதுவரை சொன்னது தனி ஆளுக்கு. குழு ஆட்டத்தில் புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் வேறு இடத்தில்.

சிக்னல் ஏறி இறங்கும் ஊரில் இருந்துகொண்டு, சென்னையில் ஃபைபர் இணைப்பில் ஆடுபவனோடு நேருக்கு நேர் சுட்டு வேகத்தில் ஜெயிக்கப் பார்ப்பது வீண். இடம் பிடிப்பதிலும் பேசுவதிலும் ஜெயிக்கலாம். போட்டிகளின் புள்ளிக் கணக்கே இதற்கு இடம் தருகிறது. முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6, ஒவ்வொரு கில்லுக்கும் 1. ஒருவரையும் சுடாமல் இரண்டாவதாக முடிக்கும் அணியும், ஆறு பேரைச் சுட்டுவிட்டு ஆரம்பத்திலேயே வெளியேறும் அணியும் புள்ளியில் சமம்.

ஆகவே ஊரிலோ பள்ளியிலோ தெரிந்த நால்வராகச் சேருங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடினால் கை பழகும், அணி உருவாகாது. ஒருவர் ஐஜிஎல், அதாவது முடிவு சொல்பவர். நன்றாகச் சுடுபவரைவிடப் பதறாதவரே அதற்குத் தகுதி. இருவர் முன்னால் பாய்பவர்கள், ஒருவர் பின்னால் நின்று காப்பவர். சண்டை நடுவே ஐஜிஎல் சொல்வது தவறாகவே இருந்தாலும் நால்வரும் அதைச் செய்யுங்கள். வாதம் ஆட்டம் முடிந்த பிறகு.

பேசும் விதத்தைத் தனியே பழக வேண்டும். “டேய், அங்க இருக்கான்டா!” என்பதால் யாருக்கும் பயனில்லை. திரையின் மேலே திசைகாட்டி எண் இருக்கிறது. “நூத்தி இருவது, மஞ்ச வீடு, மாடில ஒருத்தன்” என்றால் மற்ற மூவரும் உடனே திரும்புவார்கள். திசை, இடம், எண்ணிக்கை, அவ்வளவுதான். நாக் ஆனவர், அதாவது சுடப்பட்டு விழுந்தவர், சுட்டவன் எங்கே என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூட வேண்டும். அவர் புலம்பினால் உயிரோடு இருப்பவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்காது. குரல் கேட்டதும் பெண் என்று தெரிந்து அசிங்கமாகப் பேசுபவனை மியூட் செய்து, ரிப்போர்ட் கொடுங்கள். அப்படிப்பட்டவன் எத்தனை கில் எடுத்தாலும் உங்கள் அணிக்கு வேண்டாம்.

எராங்கல் மேப் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். எல்லோரும் குதிக்கும் பொச்சின்கியை விட்டு, ஓரமாக ஓர் ஊரைத் தேர்ந்து எப்போதும் அங்கேயே இறங்குங்கள். எந்த வீட்டில் யார் லூட் எடுப்பது, வண்டி எங்கே நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகட்டும். சோன், அதாவது சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டம், தெரிந்ததும் சீக்கிரம் கிளம்பி, மேடோ சுவர் உள்ள வீடோ பிடியுங்கள். கடைசியாக வருபவர்களுக்குத் திறந்தவெளிதான் மிஞ்சும். ஆட்டத்தைப் பதிவு செய்து, செத்த இடங்களை மட்டும் நால்வரும் சேர்ந்து பாருங்கள்.

பணத்தில் கவனம் வேண்டும். உடையும் துப்பாக்கி ஸ்கின்னும் குறியைக் கூட்டாது. முப்பது ரூபாய் கட்டு, ஜெயித்தால் முந்நூறு என்று அழைக்கும் டெலிகிராம் கஸ்டம் ரூம்கள் பக்கம் போகாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து, ஈஸ்போர்ட்ஸை அங்கீகரித்தது. ஹேக் பயன்படுத்தினால் கணக்கோடு போனையும் தடை செய்வார்கள்.

18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 3 மணி நேரம் என்ற வரம்போடுதான் 2023இல் இந்த விளையாட்டு திரும்பி வந்தது. பள்ளி நாளில் என் கணக்குக்கு அதுவே அதிகம், ஒரு மணி நேரம் ஒழுங்காக ஆடினால் போதும். வீட்டில் மறைக்காமல் சொல்லிவிட்டு ஆடுங்கள்.

பிஜிஎம்ஐக்கென நடக்கும் பிஜிஐஎஸ் போட்டித் தொடரின் 2024 இறுதிச்சுற்று ஹைதராபாத்தில் நடந்தது, மொத்தப் பரிசு 2 கோடி ரூபாய். அங்கே போவது தொலைவான காரியம். ஆனால் தொடக்கச் சுற்றில் சாதாரண அணிகளும் பதிவு செய்யலாம். வயது, ஆட்டநிலை விதிகளைப் படித்துவிட்டு நால்வரும் ஒருமுறை பதிவு செய்து ஆடிப் பாருங்கள்.