அறிக்கையும் அவையும்

'அறி' என்னும் அடியிற் பிறந்தது அறிக்கை என்னும் சொல். அறிவார் ஒருவரும் இல்லாதவிடத்து எழுதப்படும் அறிக்கை பெயரளவிலேயே அறிக்கையாகும். இதனை உணர்ந்து சட்டமியற்றிய மாநிலமொன்றின் முறையை ஈண்டு ஆராய்வோம்.

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம், 40 உறுப்பினர் கொண்ட செனற் சபையும் 80 உறுப்பினர் கொண்ட அசெம்பிளியும் ஆகிய இரண்டவைகளை உடையது. அம்மன்றம் பணம் ஒதுக்குகின்றது. திணைக்களங்கள் அதனைச் செலவிடுகின்றன. பணம் பயன் தந்ததோ என மன்றம் அறியும் வழிகளுள் அறிக்கை ஒன்று. புதிய சட்டமொன்றில் 'ஆண்டுதோறும் அறிக்கை தருக' என எழுதிவிடுதல் எளிது. பின்னர் அதனை நினைந்து நீக்குவார் அரியர். இவ்வாறு அறிக்கைகள் பெருகின், வேண்டுவது வேண்டாதவற்றுள் மறைந்துவிடும்.

இதற்குப் பரிகாரமாக அமைந்தது அம்மாநில அரசாங்கச் சட்டக்கோவையின் 10231.5ஆம் பிரிவு. அரச நிறுவனமொன்றை அறிக்கை தருமாறு பணிக்கும் மசோதா, அக்கடப்பாடு முடிவுறும் நாளையும் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும். பொதுவாக, சட்டம் நடைமுறைக்கு வந்து 4 ஆண்டுகளுக்குள் அக்கடப்பாடு ஒழியும். நீடித்த அறிக்கை வேண்டுமாயின், அப்பிரிவு எவ்வாறு கூறினும் இது தொடரும் என்று புதிய சட்டத்தில் வெளிப்படையாக எழுதுகின்றனர். ஆகவே, மறதியினால் நீடிப்பதே தடுக்கப்படுகின்றது.

அறிக்கை சேருமிடத்தை 9795ஆம் பிரிவு வரையறுக்கின்றது. அச்சுப் பிரதி செனற் சபைக் காரியதரிசிக்கும், மின்னணுப் பிரதி அசெம்பிளியின் தலைமை எழுதுவினைஞருக்கும் செல்லும். தரப்படவேண்டிய அறிக்கைகளின் பட்டியலைச் சட்டமன்றத்தின் சட்ட ஆலோசகர் பேணி வெளியிடுவர். பட்டியல் கையிலிருப்பின், வாராத அறிக்கை யாது எனப் பொதுமக்களும் வினவலாம்.

இம்முறையில் இடரும் உண்டு. அணைக்கட்டின் பழுதும் நிலத்தடி நீரின் கேடும் நான்காண்டு கழிந்த பின்னரும் தோன்றலாம். அப்பொழுது அறிக்கை நின்றிருப்பின் மன்றம் அறிவது எங்ஙனம்? ஆதலின், முடிவு நாள் வருமுன் அறிக்கைகளைப் படித்து, தொடர்வதா ஒழிப்பதா எனத் தீர்மானித்தல் உறுப்பினர் கடனாகும்.

நம் சங்கக் கூட்டங்களிலும் ஆண்டறிக்கையை 'வாசித்ததாகக் கொள்வோம்' எனக் கூறி அப்பாற் செல்லுதல் வழக்கம். அறிக்கை எழுதியவர் தம் கடனை முடித்துவிட்டார். எஞ்சியது நம் கடன். அதனை வாசித்து, ஐயமுற்றவிடத்து வினவுதலை மாணவப் பருவத்திலேயே பழகிக்கொள்வோமாக.