மேலே போகக் கீழே பழகு



போன பங்குனியில புளியம்பழம் பறிக்கப் போய் நான் மரத்துல மாட்டிக்கிட்ட கதை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். ஏறும்போது ஒண்ணும் தெரியல. மூணாவது கவட்டையில நின்னு கீழ பார்த்தேன். அவ்வளவுதான், கை கால் எல்லாம் நடுங்கிருச்சு. எங்க மாமாதான் ஏணி வச்சு இறக்கி விட்டார். அன்னையிலிருந்து வகுப்புல எனக்குப் பேரு "ஏணி".

மாமா முன்னே பனையேறியவர். ஒரு முறை பனையிலிருந்து விழுந்ததில் இன்றும் இடது காலைத் தாங்கித்தான் நடப்பார். அவர் என்னைத் திட்டவில்லை. "பயப்படறது தப்பில்ல தாயி. இறங்கத் தெரியாம ஏறுனதுதான் தப்பு" என்றார்.

அதற்குப் பிறகு நூலகப் பாடவேளையில் மரம் ஏறுவது பற்றித் தேடிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கயிற்றில் மரமேறும் விளையாட்டு

பழம் பறிக்க இல்லாமல், மகிழ்ச்சிக்காகவே கயிறு கட்டி உயர்ந்த மரங்களில் ஏறுபவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அட்லாண்டா நகரைச் சேர்ந்த பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர் 1983இல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். அவர் முன்பு பாறை ஏறியவர். பிறகு மரக்கிளை வெட்டும் தொழில் செய்தவர். தொழிலாளர்கள் பயன்படுத்திய கயிற்று முறையைப் பொதுமக்களுக்கும் கற்றுக் கொடுத்தார்.

எப்படி ஏறுகிறார்கள்?

முதலில் மரத்தைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும். பட்ட கிளை, அடியில் பொந்து, தேன்கூடு, கதண்டு, பக்கத்தில் கரண்டுக் கம்பி இதில் எது இருந்தாலும் அந்த மரம் வேண்டாம்.

பிறகு மெல்லிய நூல்கயிற்றின் முனையில் சிறு எடைப்பை கட்டி, உயிருள்ள பருத்த கிளைக்கு மேலே எறிவார்கள். அந்த நூலைக் கொண்டு ஏறுகயிற்றை இழுத்து மாட்டுவார்கள். ஏறுகயிறு சுமார் அரை அங்குலத் தடிமன் இருக்கும். கிளையின் பட்டை தேயாமல் இருக்க உறை போடுவார்கள். தலைக்கு ஹெல்மெட், இடுப்புக்கும் தொடைக்கும் ஹார்னெஸ் என்னும் பட்டை.

கயிற்றின் ஒரு முனை ஹார்னெஸில் கட்டப்படும். கயிறு கிளையைத் தாண்டி மறுபடி நம்மிடமே வரும். அந்தப் பக்கத்தில் ஒரு பிடிமுடிச்சு இருக்கும். பிளேக்ஸ் ஹிட்ச் என்பது அதில் ஒரு வகை. இந்த முடிச்சில்தான் விஷயமே இருக்கிறது. நம் எடை அதில் விழுந்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எடை இல்லாதபோது கையால் மேலே தள்ளினால் நகரும். கால் வளையத்தில் மிதித்து எழு, முடிச்சைத் தள்ளு, உட்கார். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகலாம். இறங்கும்போது முடிச்சின் தலையை மெதுவாக அழுத்த வேண்டும். வேகமாக இறங்கினால் உராய்வில் சூடாகிக் கயிறு கெடும். அறிவியல் பாடத்தில் படித்த உராய்வு விசைதான் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறது!

தைரியம் எப்படி வரும்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அவர்கள் முதல் நாளே உச்சிக்குப் போவதில்லை.

1. தரையில் நின்றே முடிச்சுப் போட்டுப் பழகுவார்கள். ஒருவர் கட்டியதை இன்னொருவர் சரிபார்க்காமல் யாரும் ஏறக் கூடாது.

2. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஹார்னெஸில் உட்கார்ந்து இரண்டு கையையும் விட்டுவிடுவார்கள். முடிச்சு நழுவாது என்பதை மனசு நம்புறதுக்கு முன்னாடி உடம்பு நம்பணும்.

3. ஆள் உயரம் ஏறி உடனே இறங்குவார்கள். இறங்குவது கைவந்த பிறகுதான் அடுத்த உயரம்.

4. பயம் வந்தால் அங்கேயே உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். கயிறுதான் தாங்குகிறது, கை சோர்ந்தாலும் விழமாட்டோம். பயம் போகவில்லையா, இறங்கி விடலாம். அது தோல்வி இல்லை.

நான் புளியமரத்துல இந்த நாலுல ஒண்ணுகூடச் செய்யல!

உங்களுக்குத் தெரியுமா?

ஜப்பானைச் சேர்ந்த தோஷிகோ ஹிகோசாகா என்ற பெண்மணி சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கால் வலு இல்லாவிட்டாலும் கயிற்று முறையில் பயிற்சி எடுத்து, 2001இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மாபெரும் செக்கோயா மரத்தில் ஏறினார்.

செய்து பாருங்கள்

ஜன்னல் கம்பியில் ஒரு தாம்புக் கயிற்றைத் தொங்க விடுங்கள். மெல்லிய சணலின் இரு முனைகளையும் சேர்த்துக் கட்டி வளையமாக்குங்கள். அந்த வளையத்தைத் தாம்புக் கயிற்றில் மூன்று முறை, அதன் உள்ளேயே நுழைத்துச் சுற்றி இறுக்குங்கள். வளையத்தைக் கீழே இழுத்தால் பிடிக்கும். சுற்றைக் கையால் தள்ளினால் நகரும். இதுவும் ஒரு பிடிமுடிச்சு.

இதை மாமாவிடம் காட்டினேன். ரெண்டு மூணு தடவை இழுத்துப் பார்த்தார். "முடிச்சு நல்லாத்தான் இருக்கு. ஆனா பனைக்குக் கயிறு போடக் கிளை ஏது தாயி?" என்றார். உண்மைதான். பனைக்கும் தென்னைக்கும் வேறு முறை வேண்டும். தென்னைக்கு மிதித்து ஏறும் கருவி வந்துவிட்டது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சியில் பெண்களும் அதில் ஏறக் கற்றிருக்கிறார்கள்.

எச்சரிக்கை: கிணற்றுக் கயிற்றையோ மாட்டுக் கயிற்றையோ எடுத்துக்கொண்டு யாரும் மரத்துக்குப் போகாதீர்கள். அதற்குரிய கயிறும் கற்றுக்கொடுக்கத் தெரிந்த பெரியவரும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. நானும் இன்னும் கயிற்றில் ஏறியதில்லை.

ஆனால் ஒன்று மட்டும் செய்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமா கீழே நிற்க, அதே புளியமரத்தின் முதல் கவட்டை வரை பத்து தடவை ஏறினேன், பத்து தடவையும் நானே இறங்கினேன். அது என் இடுப்பு உயரம்தான். நாலாவது தடவை வரைக்கும் கால் நடுங்குச்சு, அப்புறம் நடுங்கல. அடுத்த ஞாயிறு இரண்டாவது கவட்டை. ஏணியை இனி யாரும் எடுக்க வேண்டாம்!

கேள்வி: மேலே சொன்ன கயிற்று முறையில் 5 மீட்டர் உயரம் ஏற, எத்தனை மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்? கயிறு கிளைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது, மறக்காதீர்கள். விடையை நோட்டில் எழுதி அறிவியல் டீச்சரிடம் காட்டுங்கள்.



9ஆம் வகுப்பு மாணவி,
அரசுப் பள்ளி