ஸ்வாடிலை அவிழ்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்புங்கள்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்கள் எழுதிவைக்கும் பட்டியலில் பால் பம்ப் இருக்கும், பாலைச் சேமிக்கும் பை இருக்கும், பழைய சுடிதார் இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுகூட இருக்கும். குழந்தையைச் சுற்றித் தூங்கவைக்கும் ஸ்வாடில் துணியைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கற்றுக்கொடுத்தார், வீட்டில் பாட்டி தொடர்ந்தார், குழந்தையும் தூங்குகிறது, பிறகென்ன என்று விட்டுவிடுகிறோம்.

விடுப்புக் கணக்கைப் பாருங்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். அப்படி எடுத்துவிட்டவருக்குக் குழந்தை பிறந்த பின் மிஞ்சுவது 18 வாரம், அதாவது நான்கு மாதமும் சில நாட்களும். பெரும்பாலான குழந்தைகள் குப்புற விழ முயலும் காலம் அதுதான். அதுவரை போட்டால் போட்ட இடத்தில் தூங்கிய குழந்தையின் தூக்கம், பெரியவர்களைப் போல ஆழ்ந்தும் மேலோட்டமாகவும் மாறி மாறி வரத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது லேசாக விழித்துச் சிணுங்கும். குப்புற விழப் பார்க்கும் குழந்தையைத் துணியில் சுற்றக் கூடாது என்பதால் துணியும் அதே வாரம் போயாக வேண்டும். இத்தனையும் நீங்கள் மறுபடி பஞ்ச் வைக்கும் வாரத்தில் வந்து விழுந்தால், காலை மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது உங்கள் உடம்பு மட்டும்தான்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து பிரசவ விடுப்பு 12 மாதம். அவர்கள் இதை நிதானமாகப் படிக்கலாம். தனியார் நிறுவனத்தில் இருப்பவர்கள் இப்போதே காலண்டரை எடுங்கள்.

சேரும் தேதியிலிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணி ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவையுங்கள். துணியை அவிழ்க்கத் தொடங்கும் இரவு அதுதான். வெள்ளிக்கிழமை எதற்கென்றால், மறுநாள் காலை கணவருக்கு ஆபீஸ் இல்லை. மோசமான இரண்டு இரவுகள் சனி, ஞாயிறோடு போய்விடும். அவருக்கு அமெரிக்க கிளையன்ட் என்றால் அன்றிரவு கால் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் இந்தத் தேதி உங்கள் வசதிக்காக வைத்தது. குழந்தை அதற்கு முன்பே திரும்பப் பார்த்தால் காலண்டரை மறந்துவிட்டு அன்றைக்கே அவிழ்க்க வேண்டியதுதான்.

ஏன் அவிழ்க்க வேண்டும்

பிறந்த குழந்தைக்குத் தூக்கத்தில் திடீரென்று தூக்கிவாரிப் போடும். இரண்டு கையும் விரிந்து, பிறகு எதையோ பிடிக்கப்போவதுபோல உள்ளே மடங்கும். ‘மோரோ’ என்று டாக்டர்கள் சொல்லும் இந்த அனிச்சைச் செயலை நம் வீடுகளில் ‘பயந்துக்குது’ என்பார்கள். துணி அந்தக் கையைப் பிடித்துவைப்பதால்தான் குழந்தை விழிக்காமல் தூங்குகிறது. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் இந்தத் துடிப்பு தானாக அடங்கிவிடும். ஆக, துணிக்கு வேலை முடியும் நேரமும் அது ஆபத்தாகும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. ஆபத்துதான் சில வாரம் முந்திக்கொள்கிறது.

கை கட்டப்பட்ட குழந்தை குப்புற விழுந்துவிட்டால் முகத்தைத் தூக்கவோ கையை ஊன்றித் திரும்பவோ முடியாது. மூக்கு படுக்கையில் அழுந்தும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான தூக்கத்துக்கான வழிகாட்டுதல், திரும்ப முயலும் அறிகுறி தெரிந்ததுமே சுற்றுவதை நிறுத்தச் சொல்கிறது. திரும்பி முடித்த பிறகு என்று சொல்லவில்லை, முயலும்போதே என்கிறது. மூன்று, நான்கு மாதத்தில் இது வழக்கம், சில குழந்தைகள் அதற்கும் முன்பே தொடங்கும். எடை வைத்துத் தைத்த ஸ்வாடில்களை எந்த வயதிலும் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். ‘நீண்ட தூக்கம் உத்தரவாதம்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

அறிகுறிகளைப் பகலில் பார்த்துவைத்துக்கொள்ளலாம். மல்லாந்து கிடக்கும் குழந்தை இரண்டு காலையும் தூக்கிப் பக்கவாட்டில் ‘டொம்’மென்று போடும். இடுப்பு திரும்பிவிடும், தோள் பின்னால் நிற்கும். ஒருக்களித்தே கிடக்கும். இரவில் துணிக்குள் முறுக்கிக்கொண்டு, காலையில் பார்த்தால் ஒரு கை வெளியே வந்திருக்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் போதும்.

எப்படி அவிழ்ப்பது

அறிகுறி எதுவும் இல்லை, கையில் நேரம் இருக்கிறது என்றால் படிப்படியாகச் செய்யலாம். முதல் மூன்று நான்கு இரவுகள் ஒரு கையை வெளியே விட்டுச் சுற்றுங்கள். எந்தக் கையை அது வாய்க்குக் கொண்டுபோகப் பார்க்கிறதோ அந்தக் கை. அடுத்த சில இரவுகளில் இரண்டு கையும் வெளியே, துணி அக்குளுக்குக் கீழே மார்பை மட்டும் சுற்றி இருக்கட்டும். துணி தளர்ந்து முகத்துக்கு ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், இடுப்பும் காலும் தாராளமாக மடங்க வேண்டும். காலை நீட்டி இறுக்கிச் சுற்றினால் இடுப்பு மூட்டு விலகும் அபாயம் உண்டு. ஜப்பானில் 1970-களில் காலை நீட்டிக் கட்டும் வழக்கத்தை விடச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு அந்தக் கோளாறு நன்றாகக் குறைந்தது. அதற்கடுத்த இரவுகளில் துணியே இல்லை.

அறிகுறி தெரிந்துவிட்டால் படிகள் எதுவும் கிடையாது. இன்றிரவே முழுதாக எடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று இரவு கஷ்டம்தான்.

அந்த முதல் இரவு ஏறக்குறைய இப்படி இருக்கும். பத்து மணிக்குத் தூங்கும். பத்தரைக்குக் கை விரியும், தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொள்ளும், வீறிட்டு அழும். உடனே தூக்கித் தோளில் போட்டால் அது முழுதாக விழித்துவிடும். தூக்காமல், உங்கள் உள்ளங்கையை அதன் மார்பில் பரப்பி வைத்து, இரண்டு கையையும் சேர்த்து லேசாக அணைத்தபடி இருங்கள். வாயால் ‘ஷ்ஷ்...’ என்று நிதானமாகச் சொல்லலாம், பாடினாலும் சரிதான். கை தளர்ந்ததும் மெல்ல எடுங்கள். இன்னும் அழுதால் தூக்குங்கள், பால் நேரமென்றால் பால் கொடுங்கள். நான்கு மாதக் குழந்தை இரவில் பாலுக்கு எழுவது இயல்பு. ‘ராகிக் கூழ் ஊட்டினா நல்லா தூங்கும்’ என்று யாராவது சொல்வார்கள். ஆறு மாதம் முடியும்வரை வேண்டாம். கூழ் தூக்கத்தைக் கூட்டாது.

குளிக்கவைத்து, மாலிஷ் செய்து, விளக்கைக் குறைத்து, பால் கொடுத்துப் படுக்கவைக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். துணி போய்விட்டது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது என்பது குழந்தைக்குத் தெரிய வேண்டும். துணிக்குப் பதிலாகக் கையில்லாத தூக்கப் பை இப்போது கடைகளில் கிடைக்கிறது. கோடை சென்னையிலோ திருச்சியிலோ ஃபேன் காற்றில் அதுகூடத் தேவையில்லை, ஒரு பருத்தி ஜப்லா போதும். ஏசி அறை என்றால் மெல்லிய பருத்திப் பை. கைகால் சில்லென்று இருப்பதைப் பார்த்து மேலே போர்த்தாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள், வேர்த்திருந்தால் உடுப்பைக் குறைக்க வேண்டும்.

கை வெளியே வந்த பிறகு கவனிக்க வேண்டிய ஒன்று நம் ஊருக்கே உரியது. மணிக்கட்டில் வசம்பு வளையல், கருகமணி என்று கட்டியிருப்போம். இதுவரை கை துணிக்குள் இருந்தது. இனி அந்தக் கை ராத்திரி முழுக்க வாயில்தான் இருக்கும். நூல் நைந்து ஒரு மணி கழன்றால் தொண்டைக்குப் போய்விடும். திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைத்துக்கொள்ளட்டும், வளையலைக் கழற்றிவிடுங்கள், கழுத்தில் செயின் இருந்தால் அதையும். நகத்தை வெட்டுங்கள். கடுகுத் தலையணையும், மெத்தையோடு சேர்த்து விற்கும் குட்டித் திண்டுகளும் படுக்கையை விட்டுப் போகட்டும். திரும்பும் குழந்தையின் முகம் அவற்றில்தான் போய் முட்டும். கட்டாந்தரையில் பாய், அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரு விரிப்பு என்று அந்தக்கால வீடுகளில் படுக்கவைத்தார்களே, டாக்டர்கள் கேட்கும் கெட்டியான சமதளம் கிட்டத்தட்ட அதுதான். மல்லாக்கப் படுக்கவையுங்கள். இரண்டு பக்கமும் தானே சுலபமாகத் திரும்பத் தெரிந்துவிட்ட குழந்தை தூக்கத்தில் குப்புறப் போனால் ஒவ்வொரு முறையும் எழுந்து திருப்பிப்போட வேண்டியதில்லை.

வீட்டில் ஒப்படைக்கும் வேலை

ஆபீஸில் ஒருவர் பொறுப்பு இன்னொருவருக்குப் போகும்போது எழுத்தில் கைமாற்றுவோம். வீட்டில் அதைச் செய்வதில்லை. நீங்கள் ராத்திரி கஷ்டப்பட்டுப் பழக்கியதைப் பகல் தூக்கத்தில் அம்மாவோ மாமியாரோ பழைய வேட்டித் துணியில் சுற்றிவிட்டால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பழக்கம் தடுமாறுவது இருக்கட்டும், திரும்பத் தெரிந்த குழந்தைக்குப் பகலிலும் ஆபத்து அதேதான்.

இதை அதிகாரமாகச் சொன்னால் எடுபடாது. ‘கையைக் கட்டலைன்னா புள்ள பயந்துக்கும்மா, உங்களையெல்லாம் நாங்க அப்படித்தானே வளர்த்தோம்’ என்பார்கள். அதற்கு, ‘சரிதான் அத்தை, மூணு மாசம் அப்படித்தானே தூங்குச்சு. இப்ப பாருங்க, குப்புற விழப் பார்க்குது. கை கட்டியிருந்தா மூஞ்சியத் தூக்க முடியாதில்ல?’ என்று குழந்தை காலைத் தூக்கிப் போடும் நேரம் பார்த்துக் காட்டிச் சொல்லுங்கள். குப்புற விழுவது பெரியவர்களுக்குப் பெருமை. சில வீடுகளில் பலகாரம் செய்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். அந்தப் பெருமையின் பக்கத்தில் நின்று பேசினால் வேலை சுலபம். குழந்தை டாக்டரிடம் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அத்தையையும் அழைத்துப் போனால் இன்னும் சுலபம்.

தூளி விஷயத்தில் வீட்டுக்கு வீடு சண்டை நடக்கும். சேலைத் தூளியும் நான்கு பக்கமும் அணைத்துப் பிடிப்பதுதான். துணியை எடுத்துவிட்டுத் தூளியில் போட்டால் குழந்தை நன்றாகத் தூங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் படிவதால் சின்னக் குழந்தைக்கு மூச்சுப்பாதை மடங்கலாம். திரும்பத் தெரிந்த குழந்தை முகத்தைத் துணியில் புதைக்கும், கொஞ்ச நாளில் எம்பி வெளியே விழவும் பார்க்கும். என் முடிவு: தூக்கம் தரையில்தான். அழுகை அடங்க ஐந்து நிமிடம் தூளியில் ஆட்டுவேன் என்று பாட்டி பிடிவாதம் பிடித்தால், கண் அசந்ததும் கீழே படுக்கவைப்பது என்று பேசி முடியுங்கள். ராத்திரிக்குத் தூளி வேண்டவே வேண்டாம்.

க்ரெஷில் விடுபவர்கள் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் தூங்கும் அறையைப் போய்ப் பாருங்கள். துணி சுற்றுகிறார்களா, மல்லாக்கப் போடுகிறார்களா, தூங்கும்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் க்ரெஷ் வசதி செய்துதர வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்பது சட்டம்.

மேனேஜரிடம்

‘குழந்தை சரியாகத் தூங்கவில்லை சார்’ என்றால் அனுதாபம் கிடைக்கும், வேறெதுவும் கிடைக்காது. சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பே போன் செய்து தேதியோடு கேளுங்கள்: ‘முதல் மூணு வாரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல கால் வேண்டாம். காலையில எட்டுக்கே லாகின் பண்ணிடறேன். நடுவுல ரிலீஸ் வந்தா பேக்கப் யாருன்னு இப்பவே முடிவு பண்ணிடலாமா?’ பேசியதை அன்றே மெயிலில் போட்டுவிடுங்கள். விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலையின் தன்மை அனுமதித்து இருதரப்பும் ஒத்துக்கொண்டால்தான், ஆகவே உரிமை என்று சண்டை போட முடியாது, கேட்க முடியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு, அது உரிமை. ஸ்டாஃப் நர்ஸ், ஷிப்ட் சூப்பர்வைசர் போன்றவர்கள் ரோஸ்டர் போடுபவரைப் பார்த்து முதல் இரண்டு வாரமாவது நைட் டூட்டி இல்லாமல் வாங்கிவிடுங்கள்.

கணவர்மார்களுக்குத் தனியார் துறையில் சட்டப்படி விடுப்பு கிடையாது, நிறுவனம் கொடுத்தால் உண்டு. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள். பிறந்த உடனே எடுத்துத் தீர்த்துவிடாமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் எடுக்கலாம் என்ற விதியைப் பயன்படுத்தித் துணி அவிழ்க்கும் வாரத்துக்கு மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம். விடுப்பே இல்லாதவரும் நள்ளிரவு வரை அவர், அதற்குப் பிறகு நீங்கள் என்று ராத்திரியைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கியவருக்கும் எட்டு முறை எழுந்தவருக்கும் மறுநாள் நிதானத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் இந்த மாதக் கணக்கெல்லாம் மாறும், டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகியும் தூக்கமே அமையவில்லை, பால் குறைவாகக் குடிக்கிறது என்றால் குறை துணியில் இல்லை, காட்டிவிட வேண்டும்.

வேலையில் முதல் வாரம் கணக்கு சம்பந்தப்பட்டதை, கையெழுத்துப் போடுவதையெல்லாம் காலை பதினொன்றுக்குள் முடியுங்கள். மூன்று மணிக்கு மேல் எழுதிய காரசாரமான மெயிலை ட்ராஃப்டில் போட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். ஸ்கூட்டரை அந்த வாரம் வீட்டிலேயே விடுங்கள், தூக்கக் கலக்கத்தில் ஓஎம்ஆர் டிராஃபிக் வேண்டாம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், இறங்கும் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் போனில் அலாரம் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.