கருக்கலைப்பு: ஊர் சொல்வதும் உள்ளதும்

நாள் தள்ளிப்போய், வேண்டாத கர்ப்பத்தோடு ஒரு பெண் தவித்தால் திண்டுக்கல் பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவற்றில் நான்கைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கருக்கலைப்பே சட்டப்படி குற்றம்.

உண்மை: ஸ்கேன் சென்டர் சுவரில் தொங்கும் எச்சரிக்கைப் பலகை பலரைக் குழப்புகிறது. அது, கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டத்தின் பலகை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் திண்டுக்கல்லுக்கும் வந்தது என்றால், அந்தப் பலகைக்கு இங்கே எவ்வளவு வேலை இருந்தது என்பது புரியும். கருக்கலைப்புக்கு 1971 முதலே தனிச் சட்டம் உண்டு. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளானோர், சிறுமியர் போன்ற சில பிரிவினருக்கு 24 வாரம் வரை வழி உண்டு, ஆனால் இரு மருத்துவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் என்றால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும். அல்லது தாயின் உயிருக்கே ஆபத்து இருக்க வேண்டும்.

நம்பிக்கை: புருஷன் கையெழுத்து வேண்டும், கல்யாணமாகாதவளுக்கு வழியே இல்லை.

உண்மை: 18 வயது நிறைந்தவளுக்குப் பொதுவாக அவள் சம்மதமே போதும். 20 முதல் 24 வாரம் வரையிலான சலுகை மணமாகாத பெண்களுக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம்.

நம்பிக்கை: உயிர் எப்போது தொடங்குகிறது என்று அறிவியல் முடிவுகட்டிவிட்டது.

உண்மை: அறிவியல் படிகளைச் சொல்லும். கருவுற்ற முட்டை ஒரு வார அளவில் கருப்பையில் ஒட்டத் தொடங்கும். கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் மருத்துவர் கணக்கில் ஆறேழு வாரத்தில் ஸ்கேனில் துடிப்பு தெரியும். 24 வாரத்தையொட்டிப் பிறந்தால் தீவிர சிகிச்சையில் பிழைக்க வாய்ப்பு உண்டு. எந்தப் படியில் அது நம்மைப் போல ஓர் ஆள் ஆகிறது என்பதை ஸ்கேன் காட்டாது.

மதங்களும் ஒத்துப்போகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை கருவுற்ற நொடியிலிருந்தே காக்கச் சொல்கிறது. இஸ்லாமிய அறிஞர்கள் பலர் 120 நாளில் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுவதாகக் கொள்கிறார்கள். நான்காம் மாதத்தில் இதயம் தெளிவடைகிறது என்னும் சுசுருத சம்ஹிதை, தாயின் மசக்கை ஆசைகளைக் கருவின் ஆசைகளாகவே எண்ணுகிறது.

சட்டமும் நடுவில்தான் நிற்கிறது. தகப்பன் சாகும்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பங்கு தரும், உயிரோடு பிறந்தால்தான். 2023 அக்டோபரில், கருவைக் கலைக்க அனுமதி கேட்ட 26 வாரக் கர்ப்பிணி ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். பிறகு மூவர் அமர்வு அனுமதி மறுத்தது.

நம்பிக்கை: பப்பாளி தின்றால் கலைந்துவிடும், இல்லாவிட்டால் மெடிக்கலில் மாத்திரை.

உண்மை: பழுத்த பப்பாளி கருவைக் கலைக்காது. மாத்திரை கலைக்கும், ஆனால் அதற்கு ஒன்பது வார வரம்பும் மருத்துவர் சீட்டும் உண்டு. கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருந்தால் மாத்திரையால் பயனில்லை. குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டினால் உயிரே போகலாம். மாத்திரைக்கு முன் பரிசோதனை என்பது இதற்காகத்தான்.

கருவும் உயிர்தான் என்பவரும், முடிவு பெண்ணுடையது என்பவரும் விடிய விடிய வாதாடலாம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் நாலு பேர் பேச்சுக்குப் பயந்து மெடிக்கல் வாசலில் நிற்பவளை மருத்துவரிடம் கூட்டிப்போக, அந்த வாதம் முடியும்வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை.