ஆட்டோவின் கிளச் வயரில் ஒரு தீக்குச்சி இடைவெளி



இன்று நமது லயங்களில் முச்சக்கர வண்டி இல்லாத லயத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் அது லீசிங்கில் எடுத்த வண்டி. ஓட்டுவது மகன், தவணைக் காசில் பாதி அம்மாவின் கொழுந்துச் சம்பளம். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பல வருடங்கள் புது வண்டி வராததால், பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டியவர்கள் நம்மிடையே ஏராளம். ஆகவே இம்முறை கிளச் வயரைப் பற்றிக் கொஞ்சம் படிப்போம்.

போன மழைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம். மேல் டிவிசனில் ஒரு பெண்ணுக்கு இரவு பதினொரு மணிக்குப் பிரசவ வலி. பக்கத்து லயத்துத் தம்பி தன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மெயின் ரோட்டுக்கு ஏறும் கடைசி வளைவில் எஞ்சின் அலறுகிறது, வண்டி அசையவில்லை. பிறகு பின்னால் உருளத் தொடங்கிவிட்டது. கூட வந்தவர்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்து, நாலு பேராகத் தள்ளித்தான் மேலே ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

மறுநாள் நம்மிடம் வந்து, "ஐயா, எஞ்சின் நல்லாத்தான் கத்துது, வண்டிதான் ஏறமாட்டேங்குது" என்றார். கிளச் பிடியைத் தொட்டுப் பார்த்தோம். தந்திக் கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. "கியர் விழ கஷ்டமா இருந்திச்சு, அதான் போன கிழமை நானே டைட் பண்ணினேன்" என்றார். அவர் இறுக்கியது தவறில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் இறுக்கியதுதான் தவறு.

பெக்டரியில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது சீக்கிரம் விளங்கும். ஒரே எஞ்சின் கூரையோரம் உள்ள நீண்ட தண்டைச் சுற்ற, அதிலிருந்து பெல்ட் போட்டு ரோலர்களை ஓட்டிய காலம் உண்டு. பெல்ட் தளர்ந்தால் வழுக்கும், ரோலர் நிற்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் தேயும். ஆட்டோவில் பெல்ட் இல்லை. எஞ்சின் சுழற்சியைக் கியருக்குக் கொடுப்பது ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் கிளச் தட்டுகள். பிடியை இழுத்தால் வயர் அந்தத் தட்டுகளை விலக்கும், விட்டால் ஸ்பிரிங் திரும்ப அழுத்தும். வயர் எப்போதும் இழுபட்டே இருந்தால் தட்டுகள் முழுதாகச் சேராமல் வழுக்கிச் சூடாகிக் கருகும். பெல்ட்டைப் போலல்ல, இங்கே *இறுக்கம்தான்* வழுக்கலைக் கொண்டு வருகிறது. அதே வயர் தளர்ந்து கிடந்தால் தட்டுகள் முழுதாக விலகாது. அப்போது கியர் 'கடக்' என்று விழும், கிளச்சைப் பிடித்திருக்கும்போதே வண்டி ஊரும்.

சரிபார்ப்பது எளிது. சமதரையில், பெரட்டுக் களம் போன்ற இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சின் நின்று ஆறியிருக்க வேண்டும். இடது கையால் கிளச் பிடியை மெதுவாக இழுங்கள். பாரம் தட்டுவதற்கு முன் சும்மா ஆடும் அந்தச் சிறு அசைவுதான் 'பிளே'. பிடி பொருந்தியுள்ள அடிப்பகுதியில் அது பொதுவாக 2, 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு தீக்குச்சி நுழையும் அளவு. வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

கூடக் குறைய இருந்தால், வயர் எஞ்சினில் போய் முடியும் இடத்தைப் பாருங்கள். அங்கே திருகும், அதைப் பூட்டும் நட்டும் இருக்கும். ஒரு ஸ்பேனரால் திருகைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். பிறகு திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, பிடியைப் போய்ப் பாருங்கள். இறுகியதா தளர்ந்ததா என்று கை சொல்லும். இப்படியே கால் சுற்றாகப் போய், தீக்குச்சி அளவு வந்ததும் பூட்டு நட்டை இறுக்குங்கள். இந்தக் கடைசி வேலையை மறப்பவர்கள் அதிகம், இரண்டு நாளில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். முடிந்ததும் ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஒரு பக்கத்தில் பிளே மறைந்தால் வயர் எங்கோ மடங்கியோ சிக்கியோ இருக்கிறது.

திருகு முடிவுக்கு வந்துவிட்டாலோ, வயரின் நுனியில் இழை பிரிந்திருந்தாலோ, இனி இறுக்க வேண்டாம். புது வயர் போடுங்கள். பாதி வழியில் அறுந்தால் கிளச்சே இல்லை.

பிளே சரியாக இருந்தும் ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தினால் தட்டுகள் தேய்ந்துவிட்டன, கராஜுக்குப் போக வேண்டியதுதான். ஒருமுறை ஒயிலையும் விசாரியுங்கள். நம்மூரில் அதிகம் ஓடும் நாலு ஸ்ட்ரோக் ஆட்டோக்களில் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே நனைந்து ஓடுகின்றன. மலிவாகக் கிடைக்கிறது என்று கார் ஒயில் ஊற்றினால், அதில் வழுக்கலைக் கூட்டும் சரக்கு சேர்த்திருக்கலாம். மோட்டார் சைக்கிள் வகைக்கான ஒயில்தான் இதற்குப் பொருந்தும்.

ஏற்றத்தில் கொழுந்து லொறிக்கு வழிவிட நிற்கும்போது பாதிக் கிளச்சில் வண்டியைத் தாங்கி நிற்கும் பழக்கம் நமது சாரதிமாரிடம் இருக்கிறது. பார்க்க லாவகம்தான், தட்டுக்குத்தான் கேடு. பிரேக்கில் நிற்பாட்டுங்கள். இறக்கத்தில் பெற்றோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் வேண்டாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிரேக் சூடேறாது. கிளச் வழுக்கினால் அந்தப் பிடிப்பும் கிடைக்காது, பாரமெல்லாம் பிரேக்கின் தலையில்தான்.

அந்தத் தம்பிக்குக் கடைசியில் தட்டுகளை மாற்ற வேண்டி வந்தது. நாலு நாள் ஓட்டமில்லை, அந்த மாதத் தவணைக்கு அம்மா சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். இப்போது வண்டியில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறார், பீடி குடிப்பவரல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி கழுவும்போது ஒரு குச்சியை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் கழுவத் தொடங்குகிறார்.