இடர் வருமுன் இல்லறத்தார் செய்ய வேண்டுவன

திருவல்லிக்கேணியில் வாழும் நாம் கடலை அடுத்து வாழ்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மெரினாக் கரையைத் தாக்கியது. 2015 டிசம்பர்ப் பெருமழையின்போது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. பணம் வழங்கும் ஏ.டி.எம். இயந்திரங்கள் செயலிழந்தன, பால் விலை பன்மடங்கு ஏறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பலர் மின்சாரமும் பாலும் இன்றித் தவித்தனர்.

இத்தகைய நாள்களில் நம் இல்லங்களுக்கு மற்றொரு சோதனையும் உண்டு. நிவாரண உணவுப் பொட்டலம் பொழுது சாய்ந்தபின் வரலாம். அதில் வெங்காயமோ கிழங்கோ கலந்திருக்கலாம். இரவுண்ணா நோன்புடைய முதியோர் அன்று பட்டினி கிடக்க நேரும். அன்புடன் கொடுப்பவரைக் குறை கூறுதல் முறையன்று. நமக்கு வேண்டுவதை நாமே முன்கூட்டி வைத்திருத்தலே முறை.

மூன்று நாள்களுக்குப் போதுமானவற்றைச் சேர்த்து, தண்ணீர் நீங்கலாகப் பிறவற்றை நீர் புகாத பையொன்றில், உயரமான இடத்தில் வைப்போமாக.

தண்ணீர்: ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், நால்வருக்கு 36 லிட்டர். வடிகட்டும் துணியும் உடன் இருக்கட்டும். துணி அழுக்கைத் தடுக்குமேயன்றி நோய்க்கிருமிகளை நீக்காது. ஆதலின் ஐயமுள்ள நீரை வடிகட்டியபின், கொதி வந்து ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட்டே பருக வேண்டும்.

உணவு: அடுப்பு வேண்டாத அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம்.

மருந்து: முதியோர் நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து ஒரு வாரத்திற்கு.

பிற: டார்ச் விளக்கு, மாற்று பேட்டரி, சிறு வானொலி, சில்லறை நோட்டுகள், குடும்ப அட்டை முதலியவற்றின் நகல்கள், மாநகராட்சியின் 1913, அவசர உதவிக்கான 112 ஆகிய எண்களை எழுதிய தாள். மெழுகுவத்தியினும் டார்ச் நன்று. தீ பற்றும் அச்சமில்லை, விட்டிற்பூச்சியும் மடியாது.

இது மிகுபொருள் விரும்பாமைக்கு முரணன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. புயல் அறிவிப்புக் கேட்டபின் கடைக்கு ஓடி அளவின்றி வாங்குவதே பிறர் பங்கைக் குறைப்பது. அமைதியான நாளில், வரையறுத்த அளவில் சேர்ப்பது எவர்க்கும் குறை செய்யாது.

அண்டை வீட்டாருக்கென ஒரு பங்கு கூடுதலாக இருப்பின் மேலும் சிறப்பு. நம் பேட்டையின் மேன்ஷன்களில் சமையலறையின்றித் தங்கியிருக்கும் இளைஞர் பலர். மழைநாளில் உணவகம் மூடினால் அவர்களுக்கு வேறு வழியில்லை. ஆகார தானமும் ஔடத தானமும் செய்வதற்கு அதனினும் ஏற்ற வேளை எது?

ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், பையைத் திறந்து பழைய உணவையும் மருந்தையும் மாற்றி வைப்போம். அப்பணியை வீட்டுச் சிறுவரிடம் ஒப்படைத்தால், நோன்பும் முன்னெச்சரிக்கையும் அவர்களுக்கு ஒருங்கே பழகும்.