எந்தக் குப்பை?

வங்கி வேலையில் ஓய்வு பெற்ற மறுவருடம், பாலக்கோடு பக்கம் இரண்டரை ஏக்கர் செம்மண் நிலத்தில் விவசாயத்துக்கு இறங்கினேன். நான் செய்த முதல் பெரிய தப்பு ஒரு சொல்லால் வந்தது. புதிதாக வருகிறவர்கள் அதே தப்பைச் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ராகி போடுவதற்கு முன்னால் நிலத்துக்குக் குப்பை அடிக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அப்போது என்னிடம் மாடு கிடையாது. டிராக்டர்காரர் ஒருவருக்குப் போன் செய்து, "நாலு லோடு குப்பை வேணுங்க, நல்லா மக்கினதா" என்றேன். மற்றவர்கள் கேட்டதைவிட விலையும் குறைவாகச் சொன்னார். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளில் கொட்டி, ஆள் விட்டு இறைத்து, உழவும் ஓட்டியாகிவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது மண் கறுப்பாகத்தான் தெரிந்தது. சந்தோஷப்பட்டேன்.

முதல் மழை பெய்தது. மண் கழுவிப்போன இடமெல்லாம் ஷாம்பு பாக்கெட், பால் கவர், கண்ணாடித் துண்டு, பழைய பேட்டரி. ஏதோ ஒரு ஊரின் தெருக் குப்பை அது. போன் செய்து சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "நீங்க குப்பைதானே சார் கேட்டீங்க?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பக்கத்து நிலத்து அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்குக் குப்பைன்னா மாட்டுக் குப்பை. டவுன்காரங்களுக்குக் குப்பைன்னா வேற. எந்தக் குப்பைன்னு சொல்லி இருக்கணும் சார்."

அன்றிலிருந்து இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன்.

குவிந்ததெல்லாம் குப்பை

குப்பை என்ற சொல்லின் பழைய பொருள் கழிவு அல்ல, குவியல். குவி, குவியல், குவை என்ற சொற்களோடு சேர்ந்த சொல் இது. புறநானூற்றில் நெற்குவியல் குப்பை எனப்படுகிறது. நற்றிணையில் உமணர் விற்கும் உப்பின் குவியலும் குப்பைதான். இரண்டுமே ஒருவருடைய உழைப்பின் பலன், செல்வம். தூக்கி எறிய வேண்டியது என்ற எண்ணமே அங்கு கிடையாது.

இந்தப் பழைய பொருளைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் தர்மபுரி மாவட்டத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. தெலுங்கில் 'குப்ப' என்றால் இன்றைக்கும் குவியல்தான். 'வரி குப்ப' என்றால் நெற்போர். கன்னடத்திலும் 'குப்பெ' என்றால் குவியல். தமிழில் மட்டும் இந்தப் பொருள் பேச்சிலிருந்து கிட்டத்தட்ட போய்விட்டது.

வாசலில் இருந்து வயலுக்கு

குவியல் எப்படி எருவாயிற்று? பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசல் கூட்டிய மண், அடுப்புச் சாம்பல், மாடு தின்று கழித்த தட்டை, சாணி எல்லாம் கொல்லையில் ஒரே இடத்தில் குவியும். அதுதான் குப்பைமேடு. வருடத்துக்கு ஒருமுறை அதை வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்துக்கு ஓட்டுவார்கள். வீட்டுக்குக் கழிவாக இருப்பது நிலத்துக்குச் சோறு. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருந்தது. "குப்பை இல்லா வெள்ளாமை சப்பை" என்ற பழமொழி இந்தக் குப்பையைச் சொல்வது.

குப்பைமேட்டில் தானாக முளைத்தவை குப்பைமேனியும் குப்பைக்கீரையும். பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்துபோன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைக்கும் பழக்கமும் இருந்தது. வேண்டாத பிள்ளை என்று காட்டினால் எமனும் கண்ணேறும் விட்டுவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் போட்ட பிள்ளையை அங்கேயே விட்டுவிடவில்லை, எடுத்து வளர்த்தார்கள். குப்பை என்பது திரும்ப எடுக்கும் இடமாகவும் இருந்தது.

எருவும் உரமும்

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இரண்டு இடத்தில் நிலத்துக்கு இடுவதை வள்ளுவர் சொல்கிறார். இரண்டிலும் உள்ள சொல் எரு. 'உரன்' என்ற சொல்லை அவர் வேறு இடத்தில், அறிவின் உறுதி, மனவலிமை என்ற பொருளில் வைத்திருக்கிறார். உரம் பாய்ந்த உடம்பு என்று இன்றும் சொல்கிறோமே, அந்த வலிமை. நிலத்துக்கு வலிமை தருவதும் உரம் ஆயிற்று. இன்று உரம் என்றாலே நம் கண்முன் நிற்பது கடை மூட்டை. அதனால்தான் நாம் இயற்கை உரம், தொழு உரம் என்று அடைமொழி போட வேண்டி இருக்கிறது. தொழு என்றால் மாடு கட்டும் இடம், தொழுவம்.

இதில் என் பங்கும் உண்டு. பயிர்க்கடன் கேட்டு வந்தவர்கள் "குப்பைக்கு இவ்வளவு செலவாகுதுங்க" என்று சொன்னால், "பில் இருக்கா?" என்று கேட்பேன். மூட்டைக்குப் பில் உண்டு, குப்பைமேட்டுக்கு ஏது? என் கணக்கில் உரம் செலவாக ஏறியது, குப்பை ஏறவே இல்லை.

அந்தக் கணக்கை இப்போது போட்டுப் பார்க்கிறேன். நன்கு மக்கிய தொழு எருவில் தழைச்சத்து சுமார் 0.5 சதவீதம். ஏக்கருக்கு 5 டன் போட்டால் 25 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. எருவில் உள்ளது ஒரே பருவத்தில் முழுதாகக் கிடைக்காது, மெதுவாகத்தான் வரும். ஆனால் யூரியாவில் இல்லாத மணிச்சத்து, சாம்பல் சத்து, நுண்ணூட்டங்கள் இதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் செம்மண்ணுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் மட்கு இதில்தான் இருக்கிறது.

மக்காத குப்பை

இப்போது ஊர்தோறும் தொட்டிகளில் 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று எழுதியிருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. நல்ல விஷயம். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். நம் பாட்டிமார் காலத்தில் குப்பையில் போட்டதில் ஏறக்குறைய எல்லாமே மக்கியது. ஆகவே 'மக்கும் குப்பை' என்று தனியாகச் சொல்ல யாருக்கும் தேவை வரவில்லை. பிளாஸ்டிக் வந்தபோது குப்பைமேடு மட்டும் கெடவில்லை, சொல்லும் இரண்டாக உடைந்தது. அந்த உடைந்த இடத்தில்தான் என் நாலு லோடு வந்து விழுந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

"குப்பை வேணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மாட்டுத் தொழுவக் குப்பை" என்று சொல்லுங்கள். எந்த வீட்டு மாடு என்று கேட்டு, ஏற்றும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

குவியலுக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். சூடு இருந்தால் இன்னும் மக்கவில்லை. சாணி வாடை போய் மண் வாசனை வர வேண்டும். மக்காததைப் போட்டால் களை விதை முளைக்கும், கறையானும் வரும்.

இரண்டு கை எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் கரையுங்கள். பிளாஸ்டிக் மிதக்கும். கல்லும் கண்ணாடியும் அடியில் நிற்கும்.

பிரிக்காத நகரக் குப்பை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக்கையாவது பொறுக்கலாம். பேட்டரி போன்றவற்றிலிருந்து மண்ணில் இறங்கும் ஈயம், காட்மியத்தைப் பொறுக்க முடியாது.

எல்லாவற்றையும்விட நல்லது, சொந்தக் குப்பைக்குழி. 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். சாணியோடு, மூத்திரம் ஊறிய தட்டையையும் சருகையும் தினமும் போட்டு வாருங்கள். சாணியைவிட மூத்திரத்தில்தான் தழைச்சத்து அதிகம், அதை வீணாக்காதீர்கள். தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் சாணியும் மண்ணும் கரைத்துப் பூசி மூடுங்கள். நாலைந்து மாதத்தில் எரு தயார். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் குவியலில் சத்து பாதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும்.

இப்போது என்னிடம் இரண்டு மாடும் ஒரு குழியும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு உழவிலும் அந்த நிலத்தில் இன்னும் பால் கவர் மேலே வருகிறது. கூடை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்ப் பொறுக்குகிறேன். அக்கா வரப்பில் நின்று, "என்ன சார், குப்பை பொறுக்கறீங்களா?" என்பார். "ஆமாங்க்கா, இது டவுன் குப்பை" என்பேன்.

உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல் வழங்குகிறது? குப்பையா, எருவா, வேறு ஏதாவதா? எழுதுங்கள். சொல் தெளிவாக இருந்தால் மண்ணில் விழுவதும் தெளிவாக இருக்கும்.